கண்டனமும் சினமும்: சித்திரக்கதைகளை எதிர்த்த மருத்துவர் ஒருவரின் வரலாறு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பழமொழி. பெற்ற குஞ்சு மட்டுமன்று, விரும்பிப் படித்த கதையும், கேட்டு மகிழ்ந்த பாட்டும், கண்டு களித்த கூத்தும் அவரவர்க்குப் பொன்குஞ்சுகளே. அவற்றைப் பொன்னன்று பித்தளை என்று சொல்ல ஒருவன் எழுவானாயின், அவன் கூற்றின் மெய்பொய்களை ஆராய்வோர் சிலராகவும் கூறியவனைப் பழிப்போர் பலராகவும் இருத்தல் உலகியல்பு. இவ்வியல்பு எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கும், அதனால் விளையும் இழப்பு யாரைச் சாரும் என்பதற்கும் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வரலாறு சான்றொன்றைத் தருகின்றது. சிறுவர் உயிரென நேசித்த சித்திரக்கதைப் புத்தகங்களைக் கண்டித்து, அதனால் இரண்டு தலைமுறை இரசிகரின் பகையைத் தேடிக்கொண்ட பிரெடரிக் வேர்தம் என்னும் உளநோய் மருத்துவரின் வரலாறே அது.

அமெரிக்காவில் சித்திரக்கதைகள் முதலிற் செய்தித்தாள்களின் ஒரு பகுதியாகவே வெளிவந்தன. 1930களில் அவை தனிப் புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டுப் பத்துச் சதத்துக்கு விற்கப்படலாயின. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் திகதியிட்ட ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழில், ஜெரி சீகல், ஜோ ஷூஸ்ரர் என்னும் இளைஞர் இருவர் படைத்த சுப்பர்மான் தோன்றினான். அடுத்த ஆண்டிற் பாட்மானும், 1941இல் வொண்டர் வுமனும் அவனைத் தொடர்ந்தனர். பத்துச் சதம் ஒரு பிள்ளையின் கைச்செலவுக்குள் அடங்கும் தொகை. பெற்றோரின் அனுமதியையோ ஆசிரியரின் பரிந்துரையையோ வேண்டாது, பிள்ளைகள் தாமே தெரிந்து, தாமே வாங்கி, தம்முள்ளே மாற்றிப் படித்த முதல் இலக்கியம் இதுவெனலாம். அதன் கவர்ச்சியும் அதன்மேல் முதியோர் கொண்ட ஐயமும் இவ்வொரு காரணத்தினின்றே பிறந்தன.

ஐயத்தை முதலில் உரத்துக் கூறியவர் ஸ்ரேர்லிங் நோர்த் என்னும் எழுத்தாளர். 1940 மே 8ஆந் திகதி ‘சிக்காகோ டெய்லி நியூஸ்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை இப்புத்தகங்களை நாட்டுக்கே ஓர் இழுக்கு எனச் சாடியது. மலிந்த தாளும், மங்கிய அச்சும், கொடுமை நிறைந்த கதையும் சிறுவரின் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கெடுக்கின்றன என்பது அவர் வாதம். உலகப்போர் முடிந்தபின் வீரர் கதைகளின் செல்வாக்கு ஓரளவு குன்றியது. கொலை, கொள்ளை, பேய் பிசாசு பற்றிய கதைகள் பெருகின. 1948இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சர் நகரிலும் நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரன் நகரிலும் சித்திரக்கதைப் புத்தகங்கள் குவித்து எரிக்கப்பட்டன. எரித்தவரிற் பெரும்பாலார் ஆசிரியராலும் பெற்றோராலும் தூண்டப்பட்ட பள்ளிப் பிள்ளைகளே. நூல்களை எரித்த நாசிகளை வென்று மூன்றாண்டுகள்தாம் கழிந்திருந்தன என்பதை அன்று நினைந்தோர் சிலர், மறந்தோர் பலர்.

இச்சூழலிலேதான் வேர்தம் களம் புகுந்தார். ஜேர்மனியில் 1895இற் பிறந்த இவர், 1922இல் அமெரிக்கா சென்று, பால்ரிமோர் நகரில் உள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிப் பின்னர் நியூயோர்க்கிற் குடியேறினார். அக்காலத்திற் கறுப்பின மக்களுக்கு உளமருத்துவ உதவி கிடைப்பது மிக அரிதாயிருந்தது. எழுத்தாளர் றிச்சட் றைற் முதலியோரின் துணையுடன், ஹார்லம் பகுதியிலே தேவாலயமொன்றின் மண்டபக் கீழ்த்தளத்தில் 1946இல் அவர் லபார்க் மருத்துவ நிலையத்தைத் தொடக்கினார். மருத்துவர்கள் ஊதியமின்றி உழைத்தனர். கொடுக்க வல்லவரிடம் இருபத்தைந்து சதம் பெறப்பட்டது. வல்லாதவரிடம் அதுவும் பெறப்படவில்லை. 1951இல் டெலவெயர் மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்ததற்கு எதிரான வழக்கு நடைபெற்றது. வேர்தம் பிள்ளைகளை நேரிற் பரிசோதித்து, இவ்வொதுக்கல் அவர்தம் உளநலத்தைக் கெடுக்கின்றதென நீதிமன்றிற் சாட்சியம் அளித்தார். 1954 மே 17ஆந் திகதி பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்புக்குட்பட்ட வழக்குகளுள் டெலவெயர் வழக்கும் ஒன்றாக இருந்தது. வேர்தத்தின் பிற்காலப் பகைவர் பெரும்பாலோர் அறியாத பக்கம் இது. சித்திரக்கதைகளைப்பற்றிய அவர் கருத்தும் இந்நிலையத்துக்கு வந்த ஏழைப் பிள்ளைகளோடு உரையாடியதன் விளைவே.

1948இல் அவர் கருத்துகள் மக்களிடையே பரவலாயின. மார்ச்சு மாதத்தில் ‘கொலியர்ஸ்’ இதழில் அவரைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது. மே மாதத்தில் ‘சற்றர்டே றிவியூ’ இதழில் அவரே எழுதினார். எதிர்ப்பும் உடனெழுந்தது. வாஷிங்டன் நகரைச் சேர்ந்த பதினான்கு வயது மாணவன் ஒருவன் அவ்விதழுக்கு எழுதிய நீண்ட கடிதம் ஜூலை மாதத்தில் வெளியாயிற்று. காயீன் தன் தம்பியைக் கொன்றது சித்திரக்கதைகள் தோன்றுவதற்கு முன்னன்றோ என்பது அக்கடிதத்தின் தலைப்பிலேயே அமைந்த வினா. கொடுமை மனிதனோடு தோன்றியது, பத்துச் சதப் புத்தகத்தோடு தோன்றியதன்று என அவன் வாதித்தான். சினத்தோடு எழுதப்பட்டதேனும் அது வசைக்கடிதம் அன்று. தான் நேசித்ததற்காக நியாயம் கூறிய ஓர் இளம் வாசகனின் கடிதம் அது. இரசிகர் எதிர்ப்பு என்பது இத்தகைய பண்போடு தொடங்கியதாதலின், அது பின்னர் எவ்வாறு திரிந்ததென்பதைக் காண இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1954 ஏப்ரிலில் வேர்தத்தின் பெருநூல் வெளிவந்தது. ‘மாசற்றாரை மயக்குதல்’ எனப் பொருள்படும் தலைப்பையுடைய அந்நூலின் வாதங்களை இரு கூறாக்கலாம். முதலாங் கூறு எவரும் கண்ணாற் கண்டு தெளியத்தக்கது. கதைகளுக்கிடையே கத்திகளும் காற்றுத் துப்பாக்கிகளும் விளம்பரப்படுத்தப்பட்டன. வளரும் பெண்பிள்ளைகள் தம் உடலைப்பற்றி நாணும்படி செய்து அவர்க்கு மருந்துகள் விற்கப்பட்டன. கறுத்த நிறத்தவரும் ஆசிய மக்களும் காட்டுமிராண்டிகளாகவும் வஞ்சகராகவும் தீட்டப்பட்டனர். வீரரோ எப்பொழுதும் வெண்ணிறத்தவரே. சித்திரக்கதைகளால் தீங்கில்லையென்று சான்று பகர்ந்த நிபுணர் சிலர் பதிப்பாளரிடமே பணம் பெற்றவர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இவை மறுக்கவொண்ணாத உண்மைகள்.

இரண்டாங் கூறு அத்தகையதன்று. சிறுவர் குற்றச்செயல்களுக்குச் சித்திரக்கதைகள் முக்கியமானதொரு காரணம் என அவர் வற்புறுத்தினார். குற்றத்தைக் காட்டும் கதைகள் எல்லாவற்றையும், வீரர் கதைகள் உட்பட, ‘குற்றச் சித்திரக்கதை’ என ஒரே பெயரால் அழைத்தார். பிறர் தண்டிக்கப்படுவதைத் தாம் தீண்டப்படாது நின்று களிக்கும் மனப்பான்மையைச் சுப்பர்மான் வளர்க்கின்றான் என்றார். பாட்மானும் அவன் தோழனாகிய சிறுவனும் ஒரே வீட்டில் வாழ்வதிற் பால்வேட்கையின் சாயலைக் கண்டார். தம் நிலையத்துக்கு வந்த குற்றவாளிப் பிள்ளைகள் சித்திரக்கதை படித்தனர் என்பதே அவர் காட்டிய பெருஞ்சான்று. அக்காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அவற்றைப் படித்தனராதலின், குற்றம் புரியாத பிள்ளைகளோடு ஒப்பிட்டாலன்றி இச்சான்று எதனையும் நிறுவாது. நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெடரிக் திறாஷர் 1949இலேயே இக்குறையைச் சுட்டிக்காட்டி, சித்திரக்கதை காரணமா, பலியாடா என வினவினார். அவ்வினாவுக்கு வேர்தம் நேரிய விடை அளிக்கவில்லை.

நூல் வெளிவந்த அதே வாரத்திற் செனற் சபையின் குழுவொன்று நியூயோர்க்கில் விசாரணையைத் தொடங்கியது. செனற்றர் ஹென்ட்றிக்சன் தலைமை தாங்கினார். டெனசி மாநிலத்துச் செனற்றர் எஸ்ரிஸ் கெபோவர் அதன் முக்கிய உறுப்பினர். ஏப்ரில் 21ஆந் திகதி வேர்தமும், ஈ.சி. என்னும் நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்சும் ஒரே நாளிற் சாட்சியம் அளித்தனர். கெய்ன்சின் தந்தை விவிலியக் கதைகளைச் சித்திரங்களாக வெளியிட்டவர். 1947இல் தந்தை இறந்தபின் நிறுவனத்தைப் பெற்ற மகன், 1950 முதல் திகிற்கதைகளை வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். அவருடைய இதழ்களில் வாசகர் கடிதங்கள் வெளியாயின. இருபத்தைந்து சதம் செலுத்தினோர் அடையாள அட்டையும் சின்னமும் பெற்று இரசிகர் கழகத்தில் உறுப்பினராயினர். ஹார்லம் நிலையத்தில் நோயாளி கொடுத்ததும் இருபத்தைந்து சதமே. இங்கே இரசிகன் கொடுத்ததும் அதுவே. ஒருவர் துன்புற்ற பிள்ளைகளை அறிந்தார். மற்றவர் மகிழ்வுற்ற பிள்ளைகளை அறிந்தார். இருவரும் தாம் அறிந்த பிள்ளைகளையே எல்லாப் பிள்ளைகளும் எனக் கருதினர்.

அன்றைய விசாரணையில் நிகழ்ந்த ஒன்று பலராலும் நினைவுகூரப்படுவது. வெட்டுண்ட பெண்தலையையும் கோடரியையும் கையிற் கொண்ட ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் கெபோவர் உயர்த்திக் காட்டி, இது நன்னயம் உடையதோ என வினவினார். திகில் இதழின் அட்டை என்ற வகையில் நன்னயம் உடையதே எனக் கெய்ன்ஸ் விடையளித்தார். மறுநாள் நாடெங்கும் இவ்விடையே பேச்சாயிற்று. அவர் வழக்கும் அதனோடு தோற்றது எனலாம்.

ஆயின் அதே நாளில் நிகழ்ந்த வேறொன்றைப் பலர் மறந்தனர். இனப்பகையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு எடுத்துக்காட்டாக வேர்தம் ஈ.சி. நிறுவனத்தின் கதையொன்றைக் குறிப்பிட்டு, அதில் மெக்சிக்க மக்களை இழித்துரைக்கும் சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காட்டினார். சொல் வந்தது மெய்யே. ஆனால் அக்கதை யாது? மகள் மெக்சிக்க இளைஞன் ஒருவனை நேசிப்பதைப் பொறாத தந்தை, அயலவரைத் திரட்டி, இருளிலே தலைமூடிய ஓர் உருவத்தைச் சாட்டையால் அடித்துக் கொல்கின்றான். திரையை நீக்கியபோது கிடந்தவள் அவன் மகளே. இனவெறி தன் குலத்தையே அழிக்கும் என்பதைக் காட்டவே அக்கதை எழுதப்பட்டதெனக் கெய்ன்ஸ் அவ்வவையிலேயே மறுத்துரைத்தார். இழிசொல்லைக் கண்ட மருத்துவர் அதனைச் சொல்லியவன் எந்நிலைக்கு ஆளானான் என்பதைக் காணவில்லை. ஹிட்லரும் இப்பதிப்பாளர்களுக்கு முன் கற்றுக்குட்டியே, இவர்கள் எழுத்தறியாத நான்கு வயதிலேயே இனப்பகையைப் புகட்டுகின்றனர் என்னும் கருத்துப்பட அவர் அன்று கூறியது பின்னாளில் நகைப்புக்கே இடமாயிற்று. இனப்பகையைப்பற்றிய அவருடைய நியாயமான கவலையும் அந்நகைப்பில் மூழ்கியது.

மறுபுறத்தாரும் நேர்மையாற் சிறந்தவரல்லர். ஈ.சி. நிறுவனம் தன் இதழ்களில் வெளியிட்ட அறிவிப்பொன்றில், சித்திரக்கதைகளை அழிக்க மிகவும் விழைவோர் பொதுவுடைமைவாதிகளே எனக் கூறப்பட்டது. பொதுவுடைமைவாதி எனப் பெயர் சூட்டப்பட்டாற் பிழைப்பே போய்விடும் மக்கார்த்தி காலம் அது. பகுதி கேலியாகவே எழுதப்பட்டதாயினும், கருத்துக்கு விடை கூறாது கருத்துடையோர்மேற் பழி சுமத்தும் முறையை இளம் வாசகர்க்கு அது கற்பித்தது. அதே நிறுவனம் செனற் குழுவுக்குக் கடிதம் எழுதும்படி இரசிகரைத் தூண்டியது. பிள்ளைகள் பலர் எழுதினர். அக்கடிதங்கள் அமெரிக்க அரசின் ஆவணங்களில் இன்றுமுள. தம்மைப்பற்றியே நடைபெற்ற விசாரணையில் தம் குரலும் கேட்கப்பட வேண்டுமென அவர்கள் விரும்பினர். விசாரணையோ பெரும்பாலும் முதியோரையே கேட்டது.

இரு சாராருக்கும் இடைநின்று எழுதியவர் றொபேட் வோர்ஷோ என்னும் திறனாய்வாளர். 1954 ஜூன் மாதத்தில் ‘கொமென்ரரி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அவர் மகனான பதினொரு வயதுச் சிறுவன் ஈ.சி. இரசிகர் கழகத்தில் உறுப்பினன். அவ்விதழ்களைத் தந்தை விரும்பவில்லை. அவை இல்லாதிருப்பின் நன்றென்றே எண்ணினார். ஆயினும் வேர்தத்தின் வாதம் நகைச்சுவையறியாதது, எதனையும் ஒரே காரணத்தால் விளக்க முயல்வது என்பதையும் மறைக்கவில்லை. தமக்குப் பிடியாததைக் கூறியவர் வாதத்திலும் பிழை கண்டு, தமக்குப் பிடித்த மகனின் விருப்பத்திலும் குறை கண்ட இத்தந்தையைப் போன்றோர் அன்று அரியராயினர்.

விசாரணையின் விளைவு இரு சாராரும் வேண்டாததாயிற்று. பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்குக் குற்றச் சித்திரக்கதைகளை விற்றலாகாதெனப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று வேண்டுமென்பதே வேர்தத்தின் கோரிக்கை. ஆனால் அரசு சட்டம் இயற்றுமுன் தாமே முந்திக்கொள்ள விரும்பிய பதிப்பாளர்கள் சங்கம் அமைத்து, 1954 ஒக்டோபர் 26ஆந் திகதி ஒழுக்க விதிக்கோவை ஒன்றை ஏற்றனர். நியூயோர்க் நீதவான் சார்ள்ஸ் மேர்பி அதனை நடத்தும் அதிகாரியானார். திகில் என்னும் பொருள்படும் சொற்கள் தலைப்பில் வரலாகாது. பேயும் இரத்தக் காட்டேரியும் தோன்றலாகா. அதிகாரிகளை இழித்துரைத்தல் கூடாது என்றெல்லாம் விதிகள் அமைந்தன. முத்திரையில்லாத இதழ்களை விற்பனையாளர் ஏற்க மறுத்தனர். நிறுவனங்கள் பல மூடின. ஓவியர் பலர் தொழிலிழந்தனர். வேர்தம் இவ்விதிக்கோவையை வரவேற்கவில்லை. ஆயினும் இரசிகர் நினைவில் அதனை இயற்றியவர் அவரே ஆயினார்.

விதிக்கோவை எவ்வாறு தொழிற்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். நீலநிற எந்திரமனிதரைச் செம்மஞ்சள்நிற எந்திரமனிதர் ஒதுக்கி வைக்கும் உலகமொன்றைப் பூமியின் தூதன் ஒருவன் பார்வையிடுகின்றான். இத்தகைய பிரிவினை உள்ளவரை அவ்வுலகு நாகரிக உலகங்களின் கூட்டத்திற் சேரத் தகுதியற்றதெனத் தீர்ப்பளித்துத் தன் வானூர்திக்கு மீளுகின்றான். தலைக்கவசத்தைக் கழற்றும் இறுதிப் படத்தில் அவன் கறுப்பினத்தவன் என்பது தெரிகின்றது. ஈ.சி. நிறுவனம் 1953இல் வெளியிட்ட இக்கதையை மீண்டும் அச்சிட முயன்றபோது, அத்தூதன் கறுப்பினத்தவனாக இருத்தலாகாதென மேர்பி தடுத்தார். கெய்ன்ஸ் பணியவில்லை, பத்திரிகைகளிடம் முறையிடப்போவதாக எச்சரித்து 1956இல் கதையை மாற்றமின்றி வெளியிட்டார். அதன்பின் அவர் சித்திரக்கதைப் புத்தகங்களைக் கைவிட்டு, ‘மாட்’ என்னும் நகைச்சுவை இதழோடு அமைந்தார்.

இங்கே வரலாற்றின் முரணைக் காணலாம். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கச் சாட்சி சொன்னவர் வேர்தம். இனப்பிரிவினையைக் கண்டித்த கதைக்காகத் தொழிலையே பணயம் வைத்தவர் கெய்ன்ஸ். அந்நாட்டின் தலையாய அறக்கேள்வியில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். ஆயினும் மருத்துவர் அக்கதைகளை முழுமையாகப் படிக்கவில்லை; பதிப்பாளரும் இரசிகரும் மருத்துவரின் பணியை அறிய முயலவில்லை. ஆதலின் இருவரும் எதிரிகளாகவே வாழ்ந்து முடிந்தனர்.

இரசிகரின் சினமோ ஆண்டுகள் செல்லச் செல்லத் தணியாது வளர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் ‘மாட்’ இதழ், வேர்தத்தின் பெயரை ‘மதிப்பற்றவர்’ எனப் பொருள்படத் திரித்து, பந்தாட்டமே சிறுவரைக் கெடுக்கின்றதென அவர் எழுதுவதுபோன்ற கட்டுரையை வெளியிட்டது. அது நல்ல நகைச்சுவையே. 1960களில் அச்சிறுவர்கள் வளர்ந்து பெரியோராகித் தாமே சிற்றிதழ்கள் நடத்தினர், மாநாடுகள் கூட்டினர். அவற்றில் வேர்தம் என்னும் பெயர் ஒரு மனிதரின் பெயராக அன்றி, கதைகளில் வரும் கொடியவனின் பெயர்போல வழங்கிற்று. 1973இல் வேர்தம் அவ்விரசிகர் சிற்றிதழ்களைப்பற்றியே ஒரு நூல் எழுதினார். ஆதாயம் கருதாது ஆர்வத்தால் நடத்தப்படும் அவ்வெளியீடுகளை அவர் மனமாரப் புகழ்ந்தார். ஆயின் இரசிகர் கூட்டமொன்றிற் பேசச் சென்றபோது அவரை எதிர்கொண்டவை ஐயமும் ஏளனமுமே. முதியவர் நீட்டிய கையை எவரும் பற்றவில்லை. அவர் 1981இற் காலமானார். அவர் நூலிற் கண்டிக்கப்பட்ட இதழ்கள், கண்டிக்கப்பட்ட காரணத்தாலேயே, பழம்பிரதி சேர்ப்போரின் விலைப்பட்டியல்களிற் சிறப்பாகக் குறிக்கப்பட்டு உயர்ந்த விலை பெற்றன. கண்டனம் சிலவேளை விளம்பரமாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வளவு நெடுங்காலம் நீடித்த பகையிற் பேசப்பட்ட சொற்கள் எண்ணில. அவற்றுள் எதுவும் வேர்தத்தின் நூலின் உண்மையான குறையை வெளிக்கொணரவில்லை. அவருடைய ஏடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற் சேர்க்கப்பட்டு, 2010இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் ரில்லி என்னும் நூலகவியல் ஆய்வாளர் அவற்றைப் பொறுமையோடு படித்து, நோயாளர் குறிப்புகளையும் அச்சிட்ட நூலையும் வரிக்குவரி ஒப்பிட்டு, 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகளின் வயதுகள் சில இடங்களில் மாற்றப்பட்டிருந்தன. இருவர் கூறியவை ஒருவர் கூற்றாக இணைக்கப்பட்டிருந்தன. உடன்பணியாற்றியோர் கூறக் கேட்டவை தாமே கண்டவைபோல் எழுதப்பட்டிருந்தன. பிள்ளையின் துன்பத்துக்குக் குடும்பத்திலும் சூழலிலும் வேறு காரணங்கள் குறிக்கப்பட்டிருக்க, அவை நூலில் விடப்பட்டுச் சித்திரக்கதை மட்டும் எஞ்சியது. துன்புற்ற பிள்ளைகளுக்காகவே எழுதப்புகுந்தவர் அப்பிள்ளைகளின் சொற்களையே திரித்தார் என்பது வருந்தத்தக்கது. நோக்கம் நல்லதாயின் சான்றைச் சிறிது வளைத்தல் குற்றமன்று என அவர் எண்ணினார் போலும். அவ்வளைவு அவர் கூறிய மெய்களையும் உடன்சாய்த்தது.

ஆகவே இவ்வரலாற்றில் முற்றும் குற்றமற்ற சாரார் எவரும் இலர். கண்டித்தவர், தாம் கண்டித்தவற்றை முழுதும் படித்து, படித்தவரையும் மதித்து, சான்றை உள்ளவாறே வைத்திருப்பின், விளம்பரங்களைப்பற்றியும் இனப்பகையைப்பற்றியும் அவர் கூறிய நல்லுரைகள் பயன் தந்திருக்கும். கண்டிக்கப்பட்டவற்றை நேசித்தவர், அந்தப் பதினான்கு வயது மாணவன் செய்ததுபோல நியாயத்துக்கு நியாயம் உரைப்பதோடு நின்றிருப்பின், மெய் இன்னும் விரைவில் வெளிப்பட்டிருக்கும். சினம் அறுபதாண்டு முயன்றும் காணாததை, அமைதியாக இருந்து ஏடுகளைப் படித்த ஆய்வாளர் ஒருவர் கண்டார். அந்த ஆய்வாளர் பயன்படுத்திய ஏடுகளைத் திரிக்காதும் அழிக்காதும் சேமித்து வைத்தவர் வேர்தமே என்பதும் கருதற்பாலது. தம்மைக் குற்றவாளியாக்கும் சான்றைத் தாமே காத்துவைத்த மனிதரை முழுக் கயவர் என்று தள்ளுதல் எளிதன்று.

சித்திரக்கதைகள் அழியவில்லை. விதிக்கோவை 1971இல் தளர்த்தப்பட்டது. அதன் முத்திரையை இறுதிவரை தாங்கிய நிறுவனங்களும் 2011இல் அதனைக் கைவிட்டன. அன்று எரிக்கப்பட்ட இதழ்களை இன்று நூலகங்கள் பேணிக் காக்கின்றன, பல்கலைக்கழகங்கள் ஆராய்கின்றன. சொல்லியவரை நோக்காது சொல்லப்பட்ட பொருளை நோக்குக என்பது வள்ளுவர் வகுத்த அறிவுநெறி. அது கேட்போர்க்கு மட்டும் உரிய நெறியன்று; கண்டிக்க எழுவோர்க்கும் உரியதே. பிறர் நேசிப்பதைக் குறைகூறும் உரிமை எவர்க்கும் உண்டு. அதனைக் குறைகூறுமுன் முழுதும் அறியும் கடனும், குறைகூறப்பட்டபின் செவிசாய்க்கும் கடனும் அவ்வுரிமையோடு பிறந்தவை. இக்கடன்களை இரு சாராரும் மறந்ததனால், பயன்பெறவேண்டிய பிள்ளைகள் இருதிறத்தாரிடமிருந்தும் பெறற்குரியதைப் பெறாது போயினர். வேர்தம் வரலாற்றில் இரங்கற்குரிய இழப்பு அதுவே.